பூங்காவனத்தின் வலது கண்

அல்லிப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த ஏகாம்பரத்தின் மனைவி பூங்காவனத்துக்கு வலது கண்ணில் நான்கு வருஷமாக நீர் வடிந்துகொண்டிருந்தது, காற்றடித்தால் வடியும், வெயில் பட்டால் வடியும், சிரித்தால் வடியும், தூங்கி எழுந்தால் தலையணையில் அந்தப் பக்கம் மட்டும் நனைந்திருக்கும், அவள் அழுகிறவள் இல்லை, அழுவதற்குப் பெரிதாகக் காரணமும் வாய்க்கவில்லை, ஆனாலும் காலையில் இடியாப்பக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும்போது வாசல் தெளிக்கிற ஒவ்வொருத்தியும் "ஏம்மா அழுவுற, ஊட்டுல சண்டையா?" என்று கேட்க, "கண்ணுத்தண்ணி போற குழாய் அடைச்சிக்கிச்சும்மா" என்று ஒவ்வொருத்திக்கும் அவள் பதில் சொல்ல, நான்கு வருஷத்தில் அந்த ஊரில் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழாய் ஓடுகிறது என்பதை அறியாதவர் ஒருவரும் இல்லை என்றாயிற்று.

வடிவது மட்டும் என்றால் துடைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணின் உள்மூலைக்குக் கீழே, மூக்கை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம் கிளம்பும், கையால் தொட முடியாது, காய்ச்சல் அடிக்கும், சீழ் உடைத்துக்கொண்டு போன பிறகுதான் அடங்கும். மாவட்டத் தலைநகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெப்சிபா அவளுக்கு இரண்டு முறை ஆபரேஷன் செய்திருந்தார். அடைத்துப்போன பழைய வழியை விட்டுவிட்டு, மூக்கெலும்பில் சிறியதாக ஒரு ஓட்டை போட்டு, கண்ணீர்ப் பையிலிருந்து நேராக மூக்குக்குள் இறங்கும்படி ஒரு புது வழி. முதல் தடவை மூன்று மாதம் கன்னம் காய்ந்திருந்தது. இரண்டாவது தடவை நாற்பது நாள்.

"நீங்க சரியாப் போடலியா டாக்டரம்மா?" என்று ஏகாம்பரம் கேட்டே விட்டான்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியும் நடக்கும் ஐயா, மறைக்க மாட்டேன். சில பேருக்கு ஓட்டை சின்னதாப் போயிடும். சில பேருக்கு மூக்குத் தண்டு வளைஞ்சு வழியை மறிக்கும். சில பேருக்கு உள்ள இருக்கிற சீழ் அடங்கறதுக்குள்ள நாங்க அவசரப்பட்டிருப்போம். இவங்களுக்கு அது எதுவுமே இல்ல. மூக்குக்குள்ள கேமரா விட்டுப் பாத்தேன், நான் போட்ட ஓட்டை இருந்த இடமே தெரியல. இவங்க உடம்பு அவ்வளவு நல்லா ஆறுது."

"ஆறுனா நல்லதுதான?"

"மத்த ஆபரேஷன்ல காயம் ஆறினா நாங்க ஜெயிச்சோம். இதுல மட்டும், நாங்க போட்ட காயம் ஆறாமத் திறந்தே இருந்தாத்தான் ஜெயிச்சோம். உடம்புக்கு ஓட்டைன்னா ஓட்டைதான், மூடிடும். நல்லதுக்குப் போட்டதுன்னு அதுக்கு யாரு போய்ச் சொல்றது?" டாக்டர் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார். "மூணாவது தடவை, போடற ஓட்டைக்குள்ள மெல்லிசா ஒரு சிலிக்கான் குழாய் விட்டு நாலு மாசம் அப்படியே வெச்சிடலாம்மா. உடம்பு மூடணும்னு நினைச்சாலும் குழாயைச் சுத்தித்தான் மூட முடியும், குழாய்க்குள்ள மூட முடியாது. கார்த்திகை முதல் வாரம் வாங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த வாரம்தான், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, பூங்காவனம் கடைக்கு டீ கொண்டு போனாள். ஏகாம்பரம் ஒரு ஸ்கூட்டர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தை விரலால் தேடிப் பிடித்திருந்தான். அவள் குனிந்து டம்ளரை வைத்தாள், கண்ணிலிருந்து ஒரு சொட்டு விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது, குமிழி நின்றது. அவன் இன்னும் காற்றடித்தான், டியூப் பூசணிக்காய் மாதிரி உப்பியது, ஒரு குமிழிகூட வரவில்லை. எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தான். ஆணி ஏறிய இடத்தில் தழும்புகூட இல்லை.

"பரவால்லியே, சொல்யூஷன் மிச்சம்," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தான். பிறகு உள்ளே தொங்கிய அடுத்த டியூபை எடுத்துக்கொண்டு வந்து, "இதுக்கும் ஒண்ணு உடு பாப்பம்," என்றான்.

சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிந்தது, மறுநாள் காலைக்குள் ஊருக்குத் தெரிந்தது, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சுற்றுப்பட்டுப் பதினெட்டுக் கிராமத்துக்கும் தெரிந்துவிட்டது; கசிகிற குடம் வந்தது, ஒழுகுகிற டிரம் வந்தது, எலி கடித்த நெல்மூட்டை வந்தது, துருப்பிடித்துத் தூர் போன வாளி வந்தது, மழைக்கு முன் கூரையைப் பார்த்துவிடலாம் என்று ஏணியோடு ஆட்கள் வந்தார்கள், பூங்காவனத்தை ஏணியில் ஏற்றி ஓடுகளின் மேல் எட்டிப் பார்க்கச் சொல்லிக் கீழே நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியின் விரிசலில் அவள் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நடந்து போக விரிசல் அவளுக்குப் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது, பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள், கம்மல் இழுத்துக் காது அறுந்துபோன பெண்கள் வரிசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சொட்டு வாங்கிக்கொண்டு, கூடிய காதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். கருணைக்கிழங்கும் கத்தரிக்காயும் நாட்டுக்கோழியும் வீட்டு வாசலில் தானாக வந்து சேர்ந்தன. டவுன் பஸ் கண்டக்டர் "கண்ணுத்தண்ணிக்காரம்மா ஊடு எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார், அங்கே பஸ் நிற்கவும் ஆரம்பித்தது.

நல்ல ஓட்டை எது கெட்ட ஓட்டை எது என்று அந்தக் கண்ணீருக்குத் தெரியாது என்பதை ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டு அமிர்தவல்லி சந்தோஷத்தில் பூங்காவனத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது அவள் மூக்குத்தி ஓட்டை மூடி, மூக்குத்தி கீழே விழுந்து உருண்டது. ஒரு கல்யாணத்தில் அவள் குனிந்து மொய்க்கவரைக் கொடுத்த நேரத்தில் பக்கத்தில் சாத்தி வைத்திருந்த நாதஸ்வரத்தின் ஏழு ஓட்டையும் அடைத்துப்போய், முகூர்த்தத்துக்குத் தவில் மட்டும் வாசித்தார்கள், அதையும் ஊர் ரசித்துக் கேட்டது. டெய்லர் கடையில் ஊசிக்காதெல்லாம் மூடிக்கொண்டதால் "பூங்காவனம் அம்மா அவர்கள் வெளியிலிருந்தே அளவு சொல்லவும்" என்று போர்டு எழுதி மாட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விடியலில் அவளுடைய சொந்த இடியாப்ப அச்சின் ஓட்டை ஒன்று பாக்கியில்லாமல் மூடிக் கிடந்தது. மாவைப் போட்டு அழுத்தினாள், கைதான் வலித்தது. புது அச்சு வாங்கி வந்து, இடியாப்பம் பிழியும் நேரத்துக்கு மட்டும் வலது கண்ணில் துண்டை மடித்து இறுக்கிக் கட்டிக்கொள்ளப் பழகினாள்.

அவளுக்கும் அது பிடித்திருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. "நாலு வருசமா ஏன் அழுவுறன்னு கேட்டவங்க, இப்ப கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மான்னு கேக்கறாங்கய்யா," என்று ஏகாம்பரத்திடம் சொன்னாள். சொல்லும்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அவன் கடைக்குத்தான் ஒரு டியூபும் வருவதில்லை. அவள் கண்ணீர் பட்ட டியூபில் மறுபடி ஆணி ஏறினாலும் ஆணியைப் பிடுங்கியதும் தானாக மூடிக்கொண்டது. அவன் மர ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற கூட்டத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐப்பசி பிறந்ததும் ஆரணிப் பக்கத்திலிருந்து ஷர்மிளா என்ற சின்னப் பெண் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. "இதயத்துல ஓட்டைக்கா," என்றாள். பூங்காவனம் குழந்தையை மடியில் போட்டு, சட்டையை விலக்கி, நெஞ்சுக்கு மேலே குனிந்தாள். சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது, நெஞ்சில் வழிந்து அக்குள் பக்கம் ஓடியது. குழந்தை சிணுங்கியது. உதட்டு நிறம் மாறவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்து பார்த்தாள்.

"எட்டல கண்ணு," என்றாள் கடைசியில். "மேல இருக்கறதுக்குத்தான் இது. உள்ள இருக்கறத எட்டிப் புடிக்கறதுக்கு டாக்டருதான். பயமா இருக்குதுன்னு தள்ளிப் போட்டியா?"

ஷர்மிளா தலையாட்டினாள். "போன மாசமே தேதி குடுத்தாங்கக்கா."

"நாளைக்கே போ. இந்தாய்யா, இவளை பஸ் ஏத்திவிட்டுட்டு வா."

அந்தப் பெண் போன பிறகு பூங்காவனம் தன் கண்மூலையைத் தொட்டுப் பார்த்தாள். புளியங்கொட்டை மறுபடி கிளம்பியிருந்தது.

அதே மாதத்தில்தான் ஊராட்சித் தலைவர் வேதாசலம் அவளைப் பெரிய ஏரிக்கு அழைத்துப் போனார். ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகு பல வருஷமாகக் கசிந்துகொண்டிருந்தது. பலகை சரியாக உட்காராமல், கல் இடுக்கிலெல்லாம் தண்ணீர் வீணாகப் போய், கோடையில் ஏரி காய்ந்துவிடும். பூங்காவனம் மதகு மேடையில் படுத்து, விளிம்பில் தலையை நீட்டி, மூன்று சொட்டு விட்டாள். கசிவு நின்றது. பலகையும் கல்லும் ஒன்றோடு ஒன்று கூடி, எது பலகை எது கல் என்று தடவிப் பார்த்தும் தெரியாமல், ஒரே பாறையாயிற்று. தலைவர் பட்டாசு வெடித்தார், எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்.

"இனிமே இத எப்பிடித் தொறப்பீங்க?" என்று பூங்காவனம் பாறையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி நிக்கட்டும்மா மொதல்ல. தொறக்கறத அப்பறம் பாத்துக்கலாம்," என்று தலைவர் சிரித்தார்.

கார்த்திகை நெருங்கியது. பூங்காவனம் மூன்றாவது ஆபரேஷனுக்குப் போகப்போகிறாள் என்ற செய்தி பரவியதும் ஊர் திரண்டு அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. கோபமாக வரவில்லை, பழத்தட்டோடு வந்தது. கோயில் பூசாரியும் பள்ளிவாசல் மோதினாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரே ஒரு மழைக்காலம் போவட்டும்மா," என்றார் வேதாசலம். "கூர இருக்குது, கரை இருக்குது. ஊருக்கு நீதான் இப்ப எல்லாம்."

"தலைவரே, அது அவ கண்ணு," என்று ஏகாம்பரம் எழுந்தான். "ராத்திரி ஒரு பக்கமாப் படுக்க முடியாம அவ படற பாட்ட நான்தான் பாக்கறேன். உங்க மூஞ்சில புளியங்கொட்ட மொளச்சி இருந்தா இப்பிடிக் கேப்பீங்களா?"

பூங்காவனம் இரண்டு பேரையும் பார்த்தாள். வலி இருந்தது. ஆனால் இத்தனை பேர் தன் வாசலில் வந்து நின்று தன்னைக் கேட்பது இனி ஒரு தடவை நடக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. "ஒரு மழை போவட்டும்," என்றாள். ஏகாம்பரம் கோபித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான், இரண்டு நாள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை.

மழை வந்தது. மூன்று நாள் விடாமல், வானத்தில் யாரோ மூட மறந்துவிட்ட மாதிரி கொட்டியது. மேலே இருந்த இரண்டு சின்ன ஏரிகள் உடைந்து அந்தத் தண்ணீரும் சேர்ந்து அல்லிப்பாக்கம் ஏரிக்கு வந்தது. நிறைந்த தண்ணீர் வழிந்தோடுவதற்காகக் கட்டியிருந்த கலங்கலின் மேல் இடுப்பளவு தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தும் போதவில்லை. நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கோயில் மைக்கில் பூசாரியின் குரல் கேட்டது: "காலனிப் பக்கம் கரையில ஓட்ட விழுந்துடுச்சு! பூங்காவனம்மா எங்க இருந்தாலும் ஏரிக்கரைக்கு வரவும்! பூங்காவனம்மா ஏரிக்கரைக்கு வரவும்!"

காய்ச்சலில் படுத்திருந்தவள் எழுந்தாள். ஏகாம்பரம் கோபத்தை எங்கேயோ போட்டுவிட்டு டிவிஎஸ்ஸை மிதித்தான். கரையின் மேல் சேற்றில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. கரையடியில் தொடை கனத்துக்குத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே நூற்றைம்பது வீடு. நான்கு பேர் அவளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அவள் கன்னத்தைச் சாய்த்தாள். மழைத் தண்ணீரும் கண்ணீரும் சேர்ந்து விழுந்தன, மண் நெருங்கி வந்து சேர்ந்துகொண்டது, பீறிட்டது நின்றது. கரை முழுக்க ஓவென்று சத்தம் எழும்பியது. அதற்குள் நூறடி தள்ளி இன்னொரு இடத்தில் பீறிட்டது. வண்டி ஓடியது, அவளை இறக்கினார்கள், மூடியது. அரசமரத்துப் பக்கம் ஒன்று, சுடுகாட்டு வழியில் ஒன்று, மதகுக்கு இந்தப் பக்கம் இரண்டு, ஜனங்கள் கரையிலேயே அவளுக்கு முன்னும் பின்னும் ஓடினார்கள், "இங்க! இங்க!" என்று கத்தினார்கள், ஒவ்வொரு ஓட்டை மூடும்போதும் குடையையும் துண்டையும் தூக்கி எறிந்து ஆடினார்கள், ஏழாவது ஓட்டையை மூடிவிட்டு மேலே வந்தபோது பூங்காவனத்தின் முகத்தில் பாதி வீங்கி, வலது கண் இடுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அந்த இடுக்கின் வழியாக அவள் ஏரியைப் பார்த்தாள். தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே இருந்தது. முதல் ஓட்டையை மூடும்போது இரண்டு முழம் கீழே இருந்தது.

"நிறுத்துய்யா வண்டிய," என்றாள். "எத்தினி அடைச்சாலும் ஏறிக்கினேதான் இருக்கும். அதுக்குப் போவ வழி இல்ல. மதவ நாந்தான் மூடிட்டேன்."

வேதாசலம் மழையில் நின்றுகொண்டிருந்தார். ஃபோனை எடுத்து, "ஜேசிபியக் கூப்புடு!" என்று கத்தினார்.

கலங்கலுக்குப் பக்கத்தில் வீடுகள் இல்லாத இடத்தில், பழைய ஓடை போகிற தடத்தில், கரையை வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. ஜேசிபி வந்து கையை நீட்டி ஒரு வாய் மண்ணை அள்ளியது. அள்ளிய பள்ளம், டிரைவர் கையைத் திருப்புவதற்குள், பிசைந்த மாவு மாதிரி இரண்டு பக்கமும் நெளிந்து வந்து மூடிக்கொண்டது. மறுபடி அள்ளினான், மறுபடி மூடியது. காலையிலிருந்து பூங்காவனத்தின் கண்ணீர் சொட்டிச் சொட்டிக் கரை முழுவதும் அதை உறிஞ்சியிருந்தது. கரைக்கும் இப்போது அவள் உடம்பின் குணம் வந்துவிட்டது. "இன்னாய்யா இது, தோண்டத் தோண்ட ஆறுது!" என்று டிரைவர் ஸ்டியரிங்கில் அடித்துக்கொண்டான். தண்ணீர் முக்கால் முழம் கீழே இருந்தது. காலனிக்காரர்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினார்கள்.

பூங்காவனம் கரைமேல் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்குள் தோண்டத் தோண்ட ஆறிப்போன இரண்டு ஓட்டைகள் அவளுக்கு நினைவு வந்தன, டாக்டர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவு வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"குழா போடுங்க!" என்று கத்தினாள். "தோண்டுனதும் குழாயச் சொருவுங்க! அது மூடட்டும், குழாயச் சுத்தி மூடட்டும்! குழாய்க்குள்ள அதால மூட முடியாது!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. ஏகாம்பரத்துக்குத்தான் முதலில் புரிந்தது. டாக்டர் சொன்ன அன்று அவனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "சிமிட்டிக் குழா! அங்கன்வாடி ரோட்டுல கெடக்குது பாரு!" என்று கத்திக்கொண்டே ஓடினான். சிறுபாலம் கட்டுவதற்காக வந்து இறங்கி ஒரு வருஷமாக ரோட்டோரம் கிடந்த, ஆடுகள் மழைக்கு ஒதுங்குகிற, ஆள் குனிந்து போகிற உயரமுள்ள குழாய்கள். அறுபது எழுபது பேர் ஓடினார்கள். இரண்டு டிராக்டர், சங்கிலி, கயிறு, ஏலேலோ என்று ஒரு சத்தம், பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் தள்ள, மோதினார் மறுபக்கம் தள்ள, நாதஸ்வரக்காரர் பின்னால் கல்லை முட்டுக் கொடுக்க, குழாய் உருண்டு கரை ஏறி வந்து சேர்ந்தது.

"நான் இங்க இருக்கக் கூடாது," என்றாள் பூங்காவனம். அமிர்தவல்லி தன் முந்தானையால் அவள் கண்ணை இறுக்கிக் கட்டி, தோளைப் பிடித்துத் தூரக் கூட்டிக்கொண்டு போனாள். கண் தெரியாமல் பூங்காவனம் சத்தத்தை மட்டும் கேட்டாள். ஜேசிபி உறுமியது. "எறக்கு, எறக்கு, எறக்கு!" மண் நெளியும் சத்தம். சங்கிலி தெறிக்கும் சத்தம். "மூடுது மூடுது!" என்று ஒரு பெண் அலறினாள். பிறகு எல்லாச் சத்தமும் நின்று, மழை மட்டும் பெய்தது.

"அமிர்தா, இன்னாடி ஆச்சி? சொல்லேன்டி!"

"இரு, இரு... குழாயப் புடிச்சிக்கிச்சி. சுத்தி மண்ணு கப்புனு புடிச்சிக்கிச்சி. உள்ள... உள்ள..."

அதற்குமேல் அமிர்தவல்லி சொல்லத் தேவையிருக்கவில்லை. குழாயின் அந்தப் பக்கத்து வாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து ஓடையில் விழுந்த இரைச்சல் காலடியில் நிலத்தை அதிர வைத்தது. இரண்டாவது குழாய் இறங்கியது, மூன்றாவது இறங்கியது. மத்தியானம் இரண்டு மணிக்கு வேதாசலம் ஒரு குச்சியோடு நீரோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார், சிரிக்கவும் செய்தார். பிறகு எழுந்து, தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து பூங்காவனத்தின் முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்தார்.

"ஏறும்மா. ஆஸ்பத்திரிக்கு," என்றார்.

வீக்கமும் காய்ச்சலும் அடங்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்கு முன்னால் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் ஹெப்சிபா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மார்கழியில் ஆபரேஷன் நடந்தது. வடு மேலே வளராமல் இருக்க ஒரு மருந்தையும் தடவி, ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, சிலிக்கான் குழாயை உள்ளே விட்டார்கள். அன்றிலிருந்து கன்னத்தில் நீர் இறங்கவில்லை. அல்லிப்பாக்கத்தில் ஆணி ஏறிய புது டியூப் பஞ்சரானது பஞ்சராகவே இருந்தது, குடம் கசிந்தது, டெய்லர் கடைப் போர்டு இறங்கியது, நாதஸ்வரக்காரர் புது நாதஸ்வரத்தோடு வாசலில் வந்து நின்று பயமில்லாமல் ஒரு கல்யாணி வாசித்துவிட்டுப் போனார். ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. வெளியூரிலிருந்து ஓட்டைக் குடத்தோடு வந்தவர்களிடம், "அம்மாவுக்குக் கண்ணு சரியாப் போச்சு" என்று பெருமையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆரணியிலிருந்து ஷர்மிளா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது, நெஞ்சில் நீளமாக ஒரு கோடு இருந்தது, உதடு சிவப்பாக இருந்தது.

சித்திரையில் குழாயை எடுத்தார்கள். அதன் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. பூங்காவனம் நாளுக்கு இருபது தடவை கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. மூன்று மாதம் தாண்டியது. முதல் ஆபரேஷனில் போட்ட ஓட்டை அந்த மூன்றாவது மாதத்தில்தான் மூடிக்கொண்டது என்பதால் ஏகாம்பரம் அந்த வாரம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டான். ஆடி கடைசியில் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் பூங்காவனமும் ஏகாம்பரமும் ஏறினார்கள், அமிர்தவல்லி ஏறினாள், பூசாரி ஏறினார், மோதினார் ஏறினார், ஜேசிபி டிரைவர் ஏறினான், வேதாசலம் காரை விட்டுவிட்டு அவர்களோடு நின்றுகொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார இடம் போதாமல் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

டாக்டர் பூங்காவனத்தைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணில் மரத்துப்போகும் மருந்து விட்டார். ஊசி முனை மழுங்கிய சின்ன சிரிஞ்சை எடுத்தார்.

"இது வெறும் உப்புத் தண்ணிம்மா. கண்ணோரத்துல இருக்கிற சின்ன வாசல்ல விடறேன். வழி அடைச்சிருந்தா திரும்பிக் கண்ணுலயே வழிஞ்சிடும். வழி திறந்திருந்தா..."

"திறந்திருந்தா?"

"நீங்களே சொல்லுங்க."

பூங்காவனம் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கினாள். ஏகாம்பரம் கதவோரம் நின்றான், அவன் தோளுக்குப் பின்னால் அமிர்தவல்லியின் முகமும் வேதாசலத்தின் முகமும் தெரிந்தன. சிரிஞ்ச் மெல்ல இறங்கியது. கண்ணில் ஒன்றும் வழியவில்லை. மூக்குக்குள் ஏதோ குளுகுளுவென்று நகர்ந்தது. இன்னும் உள்ளே, இன்னும் கீழே, பிறகு அடித்தொண்டையில் வந்து விழுந்தது. பூங்காவனம் விழுங்கினாள். அவள் இரண்டு கண்ணும் அகலத் திறந்தன.

"உப்பு!" என்று கத்தினாள். "கரிக்குது டாக்டரம்மா! யோவ், தொண்டையில கரிக்குதுய்யா!"

வராந்தாவில் எழுந்த சத்தத்துக்கு நர்ஸ் ஓடி வந்து வாயில் விரல் வைத்து அதட்டினாள், யாரும் கேட்கவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே சிரிஞ்சைத் தட்டில் வைக்கப் போனார். பூங்காவனம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி உடுங்க," என்றாள்.